பீக்கருக்கு வைத்த பொட்டு

"உனக்குக் கை சரியில்லம்மா" என்று கைடு கிரிதர் சார் மறுபடியும் சொன்னபோது, கையில் இருந்த கண்ணாடிக் குடுவையை அவர் மேசைமேலேயே போட்டு உடைத்துவிடலாமா என்று அன்பரசிக்கு வந்தது. உடைக்கவில்லை. உடைத்தால் அதற்கும் கையைத்தான் குறை சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு, "திரும்பவும் பண்ணிப் பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கை சரியில்லையாம்! அவள் சேர்ந்தபோது அந்த ஆய்வகத்தில் என்ன இருந்தது? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டின ஆராய்ச்சி மையம். உள்ளே நாலு மேசை, ஒரு பழைய தராசு, சுவரில் ஒரு சரஸ்வதி படம். ஐந்து வருஷமாகப் படாளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அங்கே ஒவ்வொரு மூலக்கூறையும் கிளை விட வைத்தது அந்தக் கைதான்.

அவள் செய்வது கிளைப் பாலிமர். சாதாரணப் பாலிமர் என்றால் நமக்குத் தெரிந்த நைலான் கயிறு, பிளாஸ்டிக் பை. மூலக்கூறு நூல் மாதிரி நீளமாக ஓடும். இது அப்படி ஓடாது. நடுவில் ஒரு தண்டு, அதில் கிளை, கிளைக்கு இரண்டு கிளை, அதற்கும் இரண்டு என்று முருங்கை மாதிரிப் பிரிந்து பிரிந்து கடைசியில் ஒரு பந்தாக உருண்டுவிடும். பந்துக்குள்ளே கிளைகளுக்கு நடுவில் சந்து சந்தாக இடம் இருக்கும். அந்தச் சந்துகளில் மருந்தை ஏற்றி ரத்தத்தில் அனுப்பினால், வழியில் சிந்தாமல் நோயிருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்றினதை விடாமல் பிடித்துக்கொள்கிற பாலிமர் ஒன்றைச் செய்வது, அவ்வளவுதான் அவள் ஆராய்ச்சி. சொல்ல ஒரு வரி. செய்கிறவளுக்கு ஒரு சுற்றுக் கிளை முளைக்க வைத்து, கழுவி, அடுத்த சுற்றுக்குப் போவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

முதல் வருஷக் கருத்தரங்கில் இதைத்தான் உற்சாகமாக, "உள்ள சந்து சந்தா கீது சார், மருந்து அதுல போயி குந்திக்கும்" என்று சொல்லித் தொலைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கிரிதர் சாரும் சிரித்துவிட்டு, "கீது, குந்திக்கும் எல்லாம் பஸ் ஸ்டாண்டோட விட்டுட்டு வரணும்மா" என்றார். அன்றைக்கு அடைத்த வாய். அதற்கப்புறம் ஆய்வகத்தில் அவள் ஒவ்வொரு சொல்லையும் உதறி, தூசு தட்டித்தான் வெளியே விட்டாள்.

வினை வந்தது போன அக்டோபரில். அவளுடைய பாலிமருக்கு நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த மாதம் செய்த ஒரு பாட்டில் மட்டும், ஊதா விளக்கில் காட்டினால் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று ஒளிர்ந்தது. அதைப் புற்று செல்களில் ஊற்றிப் பார்த்தார்கள். செல்லுக்குள்ளே போய் அங்கேயும் ஒளிர்ந்தது. கிரிதர் சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "சாயமே சேர்க்காம பாலிமர் தானா ஒளிருது! கட்டி எங்க முடியுது, நல்ல சதை எங்க ஆரம்பிக்குதுன்னு டாக்டர் விளக்கடிச்சுப் பாத்துப் பாத்து வெட்டலாம்!" என்று குதித்தார். உடனே கட்டுரை எழுதினார். முதல் பெயர் அன்பரசி, கடைசிப் பெயர் அவர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் அறுவை நிபுணர், டாக்டர் வரலட்சுமி, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று கேட்டு எழுதினார். மார்ச்சில் மாமல்லபுரத்தில் மாநாடு என்று ஏற்பாடும் ஆகிவிட்டது.

எல்லாம் சரி, அந்தப் பாட்டில் தீர்ந்துபோனதும் அதே பாலிமரை அன்பரசி திரும்பச் செய்தாள். ஒளிரவில்லை. இன்னொரு தடவை செய்தாள். ஊஹூம். அச்சு அசலாக அதே பாலிமர், அதே எடை, அதே கிளை, ஆனால் ஊதா விளக்கில் வெறும் தண்ணீராக உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் கை சரியில்லை என்று பட்டம். சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தன் கையையே பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது.

உண்மை தெரிந்தது ஒரு பிரதோஷத்தன்று. ஊதா விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒளிராத பாட்டில்களை ஒன்று ஒன்றாக உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அன்பரசி. அந்த வருஷம் சேர்ந்த ஆய்வு மாணவி ரக்ஷா, திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறி இறங்கி வியர்த்து விறுவிறுத்து வந்தவள், "அக்கா, இன்னுமா வரல?" என்று பெட்டிக்குள் தலையை நீட்டினாள்.

அவள் நெற்றி ஒளிர்ந்தது.

குங்குமப் பொட்டின் காய்ந்த நடுப்பகுதி இல்லை. வியர்வையில் கரைந்து மூக்குப்பக்கம் வழிந்திருந்த ஓரம். அதே ஆரஞ்சு. செல்லுக்குள் பார்த்த அதே தகதகப்பு.

"ஆடாத! அப்படியே இரு!" என்று அன்பரசி கத்தின கத்தலில் ரக்ஷா பயந்து, "என்னக்கா, பல்லியா?" என்றாள்.

பல்லி இல்லை. அன்பரசிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பாலிமரைக் கழுவுகிற விதம் இப்படி: மெல்லிய பை ஒன்றில் அதை ஊற்றி முடிந்து, பெரிய பீக்கர் தண்ணீரில் போட்டு, கீழே மோட்டாரால் கலக்கிக்கொண்டே விடுவார்கள். பையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். சின்ன அழுக்கெல்லாம் ஓட்டை வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும், பெரிய பாலிமர் உள்ளேயே நிற்கும். போன அக்டோபரில் அந்தப் பை தண்ணீரில் கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. எந்த ஊரில் ஆயுத பூஜை இல்லை? ஆட்டோவுக்குச் சந்தனம், லேத்துக்குச் சந்தனம், ஆய்வகத்தில் தராசுக்கும் மோட்டாருக்கும் பீக்கருக்கும் சந்தனம் குங்குமம். ரக்ஷா கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தாள். சுழல்கிற தண்ணீருக்கு மேலே, பீக்கர் விளிம்பில், ஈரக் கையால் ஒரு பெரிய பொட்டு. அதிலிருந்து சிட்டிகை உள்ளே விழுந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? பொரி தின்கிற மும்முரத்தில் இருந்தார்கள்.

பொட்டு வைத்த அந்த டப்பாவையே அன்பரசி சாமி படத்துக்குக் கீழேயிருந்து எடுத்தாள். நிறமில்லாத பாலிமரைப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டாள், துளிக் குங்குமத்தை விட்டாள். அடுத்த நாள் பை ஆரஞ்சாக ஒளிர்ந்தது. அளந்து பார்த்தாள். ரோடமின். பஞ்சுமிட்டாயில் கலக்கிறார்கள் என்று அரசாங்கமே தடை போட்டதே, அந்தச் சாயப்பொடி. மலிவு விலைக் குங்குமத்தில் எவனோ பளபளப்புக்காகக் கலந்திருக்கிறான். எத்தனை தடவை தண்ணீர் மாற்றியும் அது பையை விட்டு வெளியே வரவில்லை.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துது" என்று அன்பரசி வாய்விட்டே சொன்னாள். ரக்ஷா அழ ஆரம்பித்தாள். "அக்கா, என் பேர மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

"உன்ன யாருடி சொல்லப்போறாங்க? மூஞ்சியக் கழுவு" என்றாள் அன்பரசி.

நேராகக் கிரிதர் சார் அறைக்குப் போனாள். அவர் மாநாட்டு அழைப்பிதழைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒளிர்றது பாலிமர் இல்ல. குங்குமம்."

அவர் சிரித்தார். நிஜமாகவே வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் அசையாமல் நின்று, பீக்கர், பொட்டு, பை, அளந்து பார்த்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

"பையில போட்டு அவ்வளவு கழுவியிருக்கு. சாயம் இருந்தா வெளிய போயிருக்குமே?"

"அந்தப் பை வழியாத்தான் சார் உள்ளயே வந்துது. சாயம் சின்ன மூலக்கூறு, எந்தப் பக்கமும் போகும். உள்ள வந்தத நம்ம பாலிமர் சந்துக்குள்ள புடிச்சுக்கிச்சு. அதனாலதான் எவ்வளவு கழுவியும் போகல. சார், இதுதானே நாம தேடினது? ஏத்தினத விடாம புடிச்சிருக்கு சார்!"

அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அந்த நேரத்தில்கூட அவர் எழுந்து வந்து, அட ஆமாம் என்று சொல்வார் என்று நம்பினாள். என்ன நம்பிக்கையோ, போங்கள்.

கிரிதர் சார் கதவைச் சாத்தினார். "இதை வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? குங்குமத்தைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானின்னு ஊரே சிரிக்கும். பத்திரிகை ஏத்துண்டாச்சு, ஆஸ்பத்திரிக்காரா வரப்போறா."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். நோயாளிங்க ரத்தத்துல சாயப்பொடிய ஏத்தப்போறாங்க."

"நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" அவர் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் மோசம். "நான் கவனிச்சுண்டுதான் இருக்கேன். உங்க ஆட்களுக்கு நம்ம பூஜை, குங்குமம்னாலே ஒரு எரிச்சல். அதை உங்க சர்ச்சோட வெச்சுக்கோ. லேபுக்குக் கொண்டுவராதே."

அன்பரசிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. என்ன பேச்சு இது? எங்கே தொட்டு எங்கே போகிறார் இந்த மனுஷர்?

"சார், அன்னிக்கு ரக்ஷா எல்லாத்துக்கும் வெச்சுட்டு என் மோட்டாரத் தாண்டிப் போனா. நான்தான் கூப்ட்டு, என் மோட்டாருக்கும் பீக்கருக்கும் வெச்சு வுடுடின்னு சொன்னேன். பொரியும் சுண்டலும் எல்லாரோடயும்தான் தின்னேன். எனக்குச் சாமி மேல எரிச்சல் இல்ல, குங்குமத்து மேலயும் இல்ல. அதுல சாயம் கலந்தவன் மேல எரிச்சல். தெரிஞ்சப்புறமும் மூடி மறைக்கச் சொல்றவங்க மேல எரிச்சல்."

"முடிச்சுட்டியா?" என்றார் அவர். "மாநாட்டுல நீதான் பேசப்போறே. கட்டுரையில இருக்கறதை அப்படியே பேசு. பேசிட்டு வா, உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன். இல்லையா, வேற கைடைப் பாத்துக்கோ. ஐந்து வருஷம் போனது போனதுதான்."

பத்திரிகைக்கே நேராக எழுதிவிடலாம் என்று யோசித்தாள். எழுதினால் அவர்கள் அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். கையைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பிவிடுவார், கதை முடிந்தது.

வீட்டில் வேறு பூசை. அன்பரசியின் அம்மா சாராள் மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த சொம்பை ணங்கென்று வைத்தாள்.

"இன்னாடி உனுக்குக் கேடு? அந்த ஆளு சொல்றத சொல்ட்டு பட்டத்த வாங்கினு வர வேண்டிதான? உன் மாமா புள்ள ஸ்டான்லி மெயின் ரோட்டுல ஃப்ளெக்ஸ் வெச்சிக்கிறான், 'டாக்டர் அன்பரசி'ன்னு! சபையில சாட்சி சொல்லியாச்சு. இப்ப வந்து குங்குமம் கிங்குமம்னு இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?"

"இன்னும் வாங்காத பட்டத்துக்கு எவன்மா ஃப்ளெக்ஸ் வெக்கச் சொன்னது?"

"ஊரே நாக்கத் தொங்கப் போட்டுகினு கீது, நீ எப்ப வுழுவேன்னு! வுழுந்து காட்டப்போறியா?"

"நாளைக்கு எவளாவது அத ஊசில ஏத்திகினு செத்தா, கட்டுரையில மொத பேரு என் பேரும்மா! அந்தாளு பேரு கடசீல கீது, என் பேரு மொதல்ல கீது!"

"பேரு பேருங்கற. பேர வெச்சிகினு நாஸ்தா துன்ன முடியுமா?" என்று சாராள் கதவை அறைந்துகொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அம்மாவும் மகளும் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயத்தைச் சொல்லப்போனால் சொந்த வீட்டிலேயே குற்றவாளிக் கூண்டு. அன்பரசி படுத்துப் புரண்டாள். பேசிவிட்டு வந்துவிடலாமா என்றும் நினைத்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. யாரோ பரிசோதிப்பார்கள், யாரோ கண்டுபிடிப்பார்கள், நமக்கு எதற்கு வம்பு என்று. அந்த நினைப்போடுதான் அடுத்த நாள் ஆய்வகத்துக்குப் போனாள்.

போனவள் ஹர்ஷவர்தனின் விரல்களைப் பார்த்தாள். ஹர்ஷா அவளோடு சேர்ந்தவன், நல்லவன், யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். அவன் விரல் நுனியெல்லாம் அடர்ந்த ரோஜா நிறம்.

"கையில என்னடா?"

"பீட்ரூட்" என்று கையைப் பின்னால் மறைத்தான்.

"உங்க ஹாஸ்டல்ல காலைல பீட்ரூட்டாடா போடறான்? காட்டு!"

அவன் காட்டினான். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ரோடமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. "மச்சி, கோச்சுக்காத. சார்தான் சொன்னாரு. டெமோவுக்கு மட்டும்தான், ஒரே ஒரு துளி. உன் புது பாலிமர்ல கலந்து பாட்டில் ரெடி பண்ணச் சொன்னாரு. நான் என்ன பண்ணுவேன் சொல்லு? எனக்கும் தீசிஸ் இருக்கில்ல?"

அதுவரைக்கும் அன்பரசி மனசில் ஒரு மூலையில் கிரிதர் சாருக்காக ஒரு சமாதானம் இருந்தது: பாவம், ஒப்புக்கொள்ள வெட்கம், பெரிய மனுஷன், கௌரவம் தடுக்கிறது என்று. இப்போது அதுவும் போயிற்று. குங்குமம் விழுந்தது தவறு. இது திருட்டு. அவள் செய்த பாலிமரில், அவள் பெயரில், அவள் வாயாலேயே சொல்ல வைக்கிற திருட்டு. கை சரியில்லை என்று அவளைக் குனிய வைத்துவிட்டு, இன்னொருத்தன் கையைச் சாயத்தில் முக்கியிருக்கிறார்! உள்ளங்காலிலிருந்து உச்சிவரைக்கும் அவளுக்குத் திகுதிகுவென்று எரிந்தது. பேசத்தான் போகிறேன் என்று முடிவு செய்தாள். ஆனால் மேடையில் அவர் பேச்சுக்கு எதிராகத் தன் பேச்சு மட்டும் எடுபடுமா என்பதுதான் தெரியவில்லை.

மாநாடு மாமல்லபுரத்தில் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில். கல்யாண பார்ட்டிகளுக்கு ஆட்டம் போடும்போது எரியவிடுகிற ஊதா ட்யூப்கள் அந்த அரங்கில் உண்டு. கிரிதர் சார் அவற்றை மேடைக்கு மேலேயும் முன்வரிசைகளுக்கு மேலேயும் வரிசையாக மாட்டச் சொல்லியிருந்தார். பாட்டில் ஒளிர்வது கடைசி நாற்காலிக்கும் தெரிய வேண்டுமாம். "நேத்தே போட்டுப் பாத்துட்டேன், பிரமாதமா இருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குத்துவிளக்கு ஏற்றுவது வெளியே, கடலைப் பார்த்த முகப்பில். உப்புக் காற்றும் மார்ச் வெயிலும் சேர்ந்து வந்திருந்தவர்களைப் பிழிந்தெடுத்தன. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த பேராசிரியர்களுக்கெல்லாம் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வாசலில் பட்டுப்புடவையில் ரக்ஷா தட்டோடு நின்றாள். பன்னீர்ச் செம்பு, கல்கண்டு, குழைத்த சந்தனம், குங்குமம். வருகிறவர் ஒவ்வொருவரும் குனிந்து, சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கிரிதர் சார் தாராளமாகவே இட்டுக்கொண்டார். டாக்டர் வரலட்சுமியும் இட்டுக்கொண்டார்.

தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவை அன்பரசி பார்த்தாள். ஆய்வகத்துச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற அதே டப்பா. வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப் போகிற மாதிரி ரக்ஷா கையோடு எடுத்து வந்திருக்கிறாள். அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை! அவ்வளவு சொல்லியும், அளந்து காட்டியும், அது வாசலில் வைக்கிற பொருள்தான் அவர்களுக்கு. நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தாள். திரும்ப டப்பாவைப் பார்த்தாள்.

அவளைப் பார்த்ததும் ரக்ஷா வழக்கம்போலத் தட்டைச் சற்று விலக்கிக் கல்கண்டை மட்டும் நீட்டினாள்.

"எனக்கும் வெச்சு வுடுடி" என்றாள் அன்பரசி. "சந்தனத்த நல்லாக் குழைச்சு, ஈரமா வெய்யி."

ரக்ஷா திகைத்துப்போய் வைத்துவிட்டாள். தூரத்திலிருந்து கிரிதர் சார் அதைப் பார்த்தார். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தார்போல. பக்கத்தில் வந்து, "குட். இப்படித்தான் இருக்கணும்" என்று தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் ஐந்தாறு பெரிய மனிதர்கள். நடுவில் கிரிதர் சார், பக்கத்தில் டாக்டர் வரலட்சுமி. மேசையில் இரண்டு பாட்டில், ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஹர்ஷா கலக்கிய சரக்கு. கிரிதர் சார் மைக்கைப் பிடித்து, இயற்கையின் அற்புதம், இந்தியாவின் பங்களிப்பு, இந்தச் செங்கல்பட்டு மண்ணில் விளைந்தது என்று ஒரு பாட்டம் பொழிந்தார். "எந்தச் சாயமும் இல்லை. பாலிமர் தானாகவே ஒளிர்கிறது. என் மாணவி அன்பரசி உங்களுக்குக் காட்டுவாள்" என்று மைக்கை நீட்டினார்.

"லைட்ட அணைங்க" என்றாள் அன்பரசி.

அரங்கம் இருண்டது. ஊதா ட்யூப்கள் எரிந்தன. மேசையில் ஒரு பாட்டில் இருளோடு இருளாக இருக்க, மற்றது ஆரஞ்சாகப் பற்றிக்கொண்டது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அன்பரசி அது ஓயும்வரை காத்திருந்தாள்.

"கைதட்டினது போதும்" என்றாள். "இப்ப பக்கத்துல இருக்கிறவங்க நெத்தியப் பாருங்க."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி, பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "யோவ், உங்க நெத்தி எரியுது!" என்றார். அவர், "உங்களுதும்தான்!" என்றார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. சந்தன ஈரத்தில், வியர்வையில் கரைந்த ஒவ்வொரு பொட்டும், பாட்டிலில் இருந்த அதே ஆரஞ்சில், அச்சு மாறாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மேடையில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களின் நெற்றியிலும் அன்பரசியின் நெற்றியிலும் அதே வெளிச்சம். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முதலில் சிரிப்பை நிறுத்தியது டாக்டர் வரலட்சுமி.

"பாலிமர் ஒளிரல" என்றாள் அன்பரசி. குரல் தானாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அவள் அதைத் திருப்பி இழுக்கவில்லை. "என் பாலிமருக்கு நெறமே கெடையாது. ஆயுத பூஜ அன்னிக்கு பீக்கருக்கு வெச்ச குங்குமம் தண்ணில வுழுந்து, அதுல கீற சாயம் உள்ள பூந்துகிச்சு. மொத தடவ தெரியாம நடந்துது. திரும்ப வராதப்போ இவுரு என் கை சரியில்லன்னாரு. காரணத்த சொன்னப்போ மூடி மறைக்கச் சொன்னாரு. தோ, இந்தப் பாட்டில்ல கீற சாயம் தெரிஞ்சே ஊத்தினது. பஞ்சுமுட்டாயில போடாதன்னு சொன்ன சாயம். இதத்தான் நோயாளிங்க ஒடம்புல ஏத்தலாம்னு உங்கள இட்டுகினு வந்துகிறாரு."

"லைட்டைப் போடுங்கோ!" என்று கிரிதர் சார் கத்தினார். "அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை! யாரங்கே, லைட்!"

ஸ்விட்ச் போர்டு ஹர்ஷாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கையை நீட்டினான். நீட்டின விரல்கள் ஐந்தும் ஊதா வெளிச்சத்தில் பளீரென்று எரிந்தன. அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். ஸ்விட்சைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் சொன்னதை அவன் செய்யவில்லை.

கிரிதர் சார் கைக்குட்டையை உருவி நெற்றியை அழுந்தத் துடைத்தார். அழிக்கிறாராம்! துடைக்கத் துடைக்கப் பொட்டு இழுபட்டு நெற்றி முழுக்கப் பரவியது. கைக்குட்டை ஒளிர்ந்தது. கைக்குட்டையைக் கீழே போட்டார், விரல்கள் ஒளிர்ந்தன. விரல்களைக் கோட்டில் தேய்த்தார், கோட்டிலும் ஆரஞ்சுக் கோடுகள். வெளியே கடல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"சார்" என்றாள் அன்பரசி. "இப்ப சொல்லுங்க, யார் கை சரியில்ல?"

"உன் தீசிஸ் முடிஞ்சுது" என்றார் அவர், பல்லுக்கு நடுவில். மைக் அதையும் அரங்கத்துக்குச் சொல்லிவிட்டது. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, ஒளிர்கிற கையைக் கோட்டுக்குள் மறைத்தபடி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்.

டாக்டர் வரலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆஸ்பத்திரி இதை விடப்போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கண் பாட்டிலைவிட்டு நகரவில்லை.

"ஒரு நிமிஷம்மா. துளிக் குங்குமத்துல இருந்த சாயம், அவ்வளவு தண்ணி மாத்தியும் வெளிய வரல. செல்லுக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும் சிந்தல. அப்ப உங்க பாலிமர், உள்ள போனத விடவே விடாதா?"

அன்பரசி அந்தப் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தாள். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில்தான்.

"வுடாது டாக்டர்" என்றாள். "அத்தத்தான் அந்தாளாண்ட அஞ்சு வருசமா சொல்லிகினு கீறேன்."